மூடி போட்ட தேநீர்

அம்ரினின் தாய்வீட்டில் மஸ்னியாரிக்கு முப்பது வருடத்துக்கு மேலாக மூடி போட்ட டம்ளரில்தான் தேநீர் வந்தது.

அதைக் குறையாகச் சொல்ல முடியாது. பரியாமான் பக்கத்தில் தேநீருக்கு மூடி போட்டுக் கொடுத்தால் அது பெரிய மரியாதை. வீட்டு ஆட்களுக்கு மூடி கிடையாது. அடுப்படியில் குந்தி உட்கார்ந்து எந்த டம்ளர் கையில் கிடைக்கிறதோ அதில் குடிப்பார்கள். விருந்தாளிக்குத்தான் மூடி, தட்டு, புதுப்பாய் எல்லாம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்தப் பெண்ணுக்கு மட்டும் அது ஆயுசுக்கும் நீண்டுவிட்டது.

அவள் மண்டைலிங்காரி. வடக்கே மலைப்பக்கம், கோத்தானோப்பான் ஊர். ரங்குத்தி குலம். அவளுடைய அப்பா அங்கே மேடான் சாலையில் காப்பிக்கடை வைத்திருந்தார். பாடாங்கிலிருந்து மேடானுக்குப் போகிற பேருந்துகள் அந்தக் கடையில் நிற்கும். அம்ரின் ஒரு பேருந்தின் ஓட்டுநர். பரியாமான் கடலோரத்துக்காரன், ஜம்பாக் குலம், வாய் கொஞ்சம் நீளம். "உங்க காப்பியக் குடிச்சா மேடான் வரைக்கும் தூக்கம் வராது. உங்களப் பாத்துட்டா திரும்பி வர்ற வரைக்கும் வராது" என்று ஒருநாள் சொன்னான். அவள் சில்லறையை எண்ணாமலே கொடுத்துவிட்டாள். அப்புறம் என்ன, விஷயம் முற்றிவிட்டது.

இரண்டு வீட்டிலும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை. இரண்டு பேரும் ஒரே மார்க்கம், இரண்டு குடும்பமும் கௌரவமான குடும்பம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மண்டைலிங்கில் பையன் வீட்டார் வெற்றிலைத் தட்டோடு வந்து பெண்ணைக் கேட்க வேண்டும். கொடுக்கிற அன்றோடு பெண் பையன் வீட்டுச் சொத்து. பரியாமானில் தலைகீழ். அங்கே வீடு, நிலம், குலம் எல்லாம் பெண்வழி. பெண் வீட்டார்தான் பொன்னோடு வந்து மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு போவார்கள். அவன் பெண்டாட்டி வீட்டில் போய் இருப்பான், வெட்டின மரக்கட்டை மேல் சாம்பல் மாதிரி, காற்றடித்தால் பறந்து போகிற ஆளாக. ஆனாலும் அழைக்கப்பட்டுப் போவான். அழைக்காமல் போனால் அவனுடைய அம்மா தெருவில் தலைகாட்ட முடியாது.

ஆக, கோத்தானோப்பானில் மஸ்னியாரியின் அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரியாமானில் அம்ரினின் அம்மாவும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர்கள் வருவார்கள் என்று அவர், அவர்கள் வருவார்கள் என்று இவள். இரண்டு நோன்புப் பெருநாள் கழிந்தது. யாரும் வரவில்லை.

"எம்பையன் என்ன சந்தையில மிஞ்சிப்போன மீனா? வந்து கூப்பிட ஆளில்லாம நானே கூடையில வச்சு அனுப்பறதுக்கு?" என்றாள் அம்ரினின் அம்மா.

"எம்பொண்ணு கேப்பாரில்லாத பொண்ணா? வரட்டும். வந்து கேக்கட்டும்" என்றார் மஸ்னியாரியின் அப்பா.

கடைசியில் மஸ்னியாரி ஓடிப்போனாள். ஓடிப்போவதற்கும் மண்டைலிங்கில் ஒரு முறை இருக்கிறது. போகிற பெண் தன் படுக்கையில் ஒரு சேலைத்துணியை மடித்து வைத்துவிட்டுப் போவாள். திருடுபோகவில்லை, கல்யாணத்துக்குத்தான் போயிருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். பிறகு பையன் வீட்டார் வந்து சமாதானம் பேசி, அந்தத் துணிக்குப் பதில் சொல்லி, முறைப்படி பெண்ணைக் கேட்பார்கள். அவளும் தன் சிவப்புக்கரைத் துணியை மடித்து வைத்துவிட்டு அம்ரினின் பேருந்தில் ஏறினாள். அப்பா நிக்காவுக்கு மட்டும் ஆள் மூலம் சம்மதம் சொல்லி அனுப்பினார். அது மார்க்கம். ஆனால் துணிக்குப் பதில் சொல்ல யாரும் வரவில்லை. அம்ரினின் அம்மாவிடம் போய் இதைச் சொன்னபோது அவள் நிஜமாகவே திகைத்தாள். "நாம பையன் வீடு. நாம எதுக்குப் போறது?" என்று கேட்டாள்.

மஸ்னியாரி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். புருஷன் வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்துப் போனாள். அந்த ஊரில் புருஷனுக்கு வீடு கிடையாது. அது அவன் அம்மாவுடைய வீடு, அவளுக்கப்புறம் தங்கை ரோஸ்மானியுடைய வீடு. முதல் நாள் போன கையோடு இவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். அவள் ஊரில் மருமகள் முதல் நாளே கரண்டியைக் கையில் எடுக்க வேண்டும். எடுத்தால்தான் அந்த வீட்டுக்காரி.

ரோஸ்மானி பதறிப்போய்க் கையைப் பிடித்தாள். "ஐயையோ அண்ணி, நீங்க இங்கெல்லாம் வரலாமா? ஊர் என்ன பேசும்? போய் உக்காருங்க, தேத்தண்ணி கொண்டாறேன்" என்றாள். மூடி போட்டுக் கொண்டுவந்தும் கொடுத்தாள். அன்று மஸ்னியாரி அந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டே அழுதாள். ஏன் அழுகிறாள் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை.

ஊரின் டத்துக், அதாவது ஜம்பாக் குலத்தின் தலைவர், அந்த நாளிலேயே ஒரு வழி சொன்னார். "வேற ஏதாவது குலத்துல உன்னைச் சேத்துக்கச் சொல்றேன். கோத்தோ குலத்துக்காரங்க நல்லவங்க. அவங்க பொண்ணா ஆயிட்டா உனக்கு வீடு, அடுப்பு, சொந்தம் எல்லாம் வந்துரும். முறைப்படி உன் புருஷனை அங்க அழைச்சிட்டும் போவாங்க." அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எனக்குக் குலம் இருக்கு. எங்கப்பா இன்னும் உயிரோட இருக்கார்" என்றாள். இளவயசு, ரோஷம். அந்த வழி அப்படியே அடைபட்டுப்போனது.

பரியாமான் ஊருக்குள் ரயில்பாதை ஓரமாக ஒரு வாடகை வீட்டில் இருவரும் குடித்தனம் செய்தார்கள். காலையில் வாசலில் இலைச்சோற்றுக் கட்டியும் பலாக்காய்க் குழம்பும் வைத்து விற்றாள். கைக்கு வருமானம் இருந்தது. குழந்தை தங்கவில்லை. "அதுவும் நல்லதுதான்" என்று அக்கம்பக்கத்தில் ஒருத்தி சொன்னாள், "அம்மாவழிக் குலம் இங்க இல்ல, அப்பாவழிக் குலம் அங்க இல்ல, அது யார் பிள்ளையா வளரும்?" சொன்னவளுக்கு நாக்கில் நரம்பில்லை. ஆனால் சொன்னது பொய்யில்லை, அதுதான் இவளைத் தூங்கவிடாமல் செய்தது.

அம்ரின் நல்லவன். ஒவ்வொரு நடை திரும்பும்போதும் பன்யாபுங்கானில் புகைபோட்ட ஆற்றுமீன் ஒரு பொட்டலம் வாங்கி வருவான். அவள் மரவள்ளி இலையை உரலில் இடித்துத் தேங்காய்ப்பால் ஊற்றி அந்த மீனைப் போட்டு வைப்பாள். கடலோரத்தில் பிறந்தவனுக்கு அந்தப் புகைநாற்றம் ஆகாது. இருந்தாலும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவான். "இன்னும் ரெண்டு வருஷம். ஒரு துண்டு நிலம் வாங்கிருவேன், உம்பேர்லயே. மொதல்ல அடுப்படியத்தான் கட்டணும், மத்ததெல்லாம் அப்புறம்" என்பான். அந்த இரண்டு வருஷம் எப்போதும் இரண்டு வருஷமாகவே இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் அம்ரின் செத்துப்போனான். விபத்தெல்லாம் இல்லை. பேருந்தைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவன், நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தான்.

செய்தி போய்ச் சேர்ந்ததும் ரோஸ்மானி தன் ஆட்களோடு வந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. வாசலில் நின்று, முறைப்படி, "எங்க ஆளைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம் அண்ணி" என்றாள். அந்த ஒரு வார்த்தை மஸ்னியாரியை அடித்துப் போட்டுவிட்டது. எங்க ஆள். அப்படியானால் இவள் யார்? உடலை எடுத்துக்கொண்டுபோய் ஜம்பாக் குலத்தின் மண்ணில், தென்னந்தோப்புக்குப் பின்னால், அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த மண் குலத்துக்காரர்களுக்கு மட்டும். பெண்டாட்டிமார் தங்கள் தங்கள் அம்மாவின் மண்ணில். அதுதான் அங்கே வழக்கம், அதில் யாருக்கும் வருத்தமும் கிடையாது.

மஸ்னியாரிக்கு அன்று அவன் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடம் கண்ணில் பட்டது. அதற்கப்புறம் அவளுக்கு உலகத்தில் வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

புருஷன் போன பெண் வீட்டிலிருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடிகிற வரை பொறுத்திருந்து, பிறகு ரோஸ்மானியிடம் கேட்டாள். ரோஸ்மானி தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கையில இருந்தா குடுக்க மாட்டேனா அண்ணி? அது குலத்து மண்ணு. உங்கள அப்படியே அனாதையா விட்டுற மாட்டோம். மரியாதையா உங்க அண்ணன் வீட்ல கொண்டுபோய்ச் சேர்க்கறோம். நாளைக்கு எங்களுக்கு ஒரு சொல் வரக்கூடாது பாருங்க."

சொன்னபடியே செய்தார்கள். இரண்டு பெரியவர்கள், ரோஸ்மானி, ஒரு தட்டு ரெண்டாங் என்கிற மாட்டிறைச்சிக் கறி, அரிசி, பட்டுத்துணி, முன்னால் பித்தளை வெற்றிலைத்தட்டு. பரியாமான்காரர்கள் எந்த வீட்டு வாசலையும் வெறுங்கையோடு மிதிக்க மாட்டார்கள், வெற்றிலை இல்லாமல் வாய் திறக்கவும் மாட்டார்கள். அன்றாடப் பேருந்திலேயே போனார்கள். வழியெல்லாம் அம்ரின் ஓட்டிய சாலை. ஒவ்வொரு வளைவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணன் சங்கோத் வாசலுக்கு வந்தார். வயதாகிப்போயிருந்தது. தங்கையைப் பார்த்தார், பிறகு வந்தவர்கள் கையில் இருந்த வெற்றிலைத்தட்டைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியது.

"வந்துட்டீங்களா?" என்றார். "கடைசியா வந்துட்டீங்களா? எங்கப்பா சாகறப்பகூட இந்த வாசலைத்தானே பாத்துட்டிருந்தார்!"

ரோஸ்மானிக்கு அது விளங்கவில்லை. "எங்கம்மாவும் அப்படித்தாங்க, கடைசி வரைக்கும் வாசலையேதான் பாத்துட்டிருந்தாங்க. நீங்க வருவீங்கன்னு" என்றாள்.

அதைக் கேட்க ஆள் அங்கே இல்லை. சங்கோத் அதற்குள் பெரியவர்களைக் கூப்பிட ஆளனுப்பிவிட்டார். கோழி அடித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். எடுத்துவிட்டால் கேட்டது ஏற்கப்பட்டது என்று அர்த்தம். சங்கோத் உள்ளே போய் ஒரு துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். சிவப்புக்கரை. மடிப்புக் கலையாத அதே துணி. மடிப்போரத்தில் மட்டும் பூச்சி அரித்திருந்தது.

"இனிமே எந்தங்கச்சி ஓடிப்போனவ இல்ல. கேட்டீங்க, குடுத்துட்டோம். உங்க வீட்டுப் பொண்ணு. கூட்டிட்டுப் போங்க" என்று துணியை ரோஸ்மானியின் மடியில் வைத்தார்.

ரோஸ்மானி மலங்க மலங்க விழித்தாள். "இல்லைங்க... நாங்க... அண்ணிய உங்ககிட்ட விட்டுட்டுப் போலாம்னு..."

"விட்டுட்டா?" சங்கோத்துக்குச் சிரிப்பு வந்தது, அவள் ஏதோ தமாஷ் பண்ணுகிறாள் என்று. "குடுத்த பொண்ணை எப்படிம்மா திருப்பி வாங்கறது? எப்ப வேணா வரட்டும், இருக்கட்டும். விருந்தாளியா வரட்டும். இது அவ பொறந்த வீடு."

சங்கோத்தின் மனைவி அதற்குள் ஒரு புதுப்பாயை விரித்து, "உக்காருங்க, உக்காருங்க, காப்பி கொண்டாறேன்" என்று மஸ்னியாரியை உபசரித்துக்கொண்டிருந்தாள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். இவளுக்கு இரண்டு பக்கமும் உபசாரம். அதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? மஸ்னியாரி புதுப்பாயில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

"போதும்ணே. போதும் ரோஸ்மானி. ரெண்டு வீட்லயும் எனக்கு ஒரு குறை வச்சதில்ல. பாய் புதுசு, தேத்தண்ணி சூடு. நான் மட்டும் எந்த வீட்டு ஆளும் இல்ல. எனக்கு வீடு வேணாம், அடுப்படி வேணாம், ஒண்ணும் வேணாம். அவர் பக்கத்துல ஒரு ஆளு படுக்கற இடம் இருக்கு. அதை மட்டும் யாராச்சும் எனக்குக் குடுங்க."

ரோஸ்மானி மடியில் கிடந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கெட்ட மனசுக்காரி இல்லை. இந்த முப்பது வருஷமும் அண்ணிக்கு மரியாதை செய்துகொண்டிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் துணியை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். "கூட்டிட்டுப் போறேன்" என்றாள், யாருடைய முகத்தையும் பார்க்காமல்.

பழைய டத்துக் போய்விட்டார், இப்போது அவருடைய சகோதரி மகன் டத்துக். சாது மனிதர். ரோஸ்மானி சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார்.

"நம்ம மண்ணுல படுக்கணும்னா ஜம்பாக்கா இருக்கணும். உன் தங்கச்சியாவோ அக்காவாவோ நீ ஏத்துக்கிட்டா, நான் ஆடு வெட்டிப் பந்தி வச்சு ஊரறியச் சேத்துக்கறேன். முன்னாடியும் சேத்திருக்கோம்." பிறகு மஸ்னியாரி பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணும்மா. ஜம்பாக் ஜம்பாக்கக் கட்டறதில்ல. நீ இந்த வீட்டுப் பொண்ணா ஆனா, அவன் உனக்கு அண்ணன். மார்க்கத்துல நீ அவன் பெண்டாட்டிதான், அதை அழிக்க நான் யாரு? ஆனா நம்ம ஊர் வாயில இனிமே அந்தப் பேச்சு வரக்கூடாது. நீயும் சொல்லக்கூடாது. சொன்னா, அண்ணனும் தங்கச்சியும் குடித்தனம் பண்ணாங்கன்னு ஆயிரும். செத்தவனுக்குத்தான் அசிங்கம்."

அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். ஒரு வாரம் இலைச்சோறு விற்றாள், மிளகாய் அரைத்தாள், ரயில் போவதைப் பார்த்தாள். அவனுக்குப் பெண்டாட்டியாக இருந்தால் அவன் பக்கத்தில் இடமில்லை. பக்கத்தில் இடம் வேண்டுமானால் பெண்டாட்டி இல்லை. பெரிய படிப்பு படித்தவர்கள்கூட இப்படி ஒரு பூட்டைச் செய்ய முடியாது. செய்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள் வேறு, வைவதற்கும் ஆளில்லை.

வார முடிவில் போய், சரி என்றாள்.

ஆடு வெட்டினார்கள். ஊர் சாப்பிட்டது. டத்துக் அவள் பெயரைச் சொல்லி, இன்று முதல் ஜம்பாக் பெண் என்று மூன்று முறை கூறினார். ரோஸ்மானி அவள் கையைப் பிடித்து அடுப்படிக்கு அழைத்துக்கொண்டு போய்த் தேங்காய்த்துருவியின் முன் உட்கார வைத்தாள். "துருவுக்கா, பந்தியில எல்லாரும் காத்திட்டிருக்காங்க" என்று அதட்டினாள். அக்கா என்றும் அதட்டலாகவும் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. மஸ்னியாரி துருவினாள். மூடியில்லாத டம்ளரில் ஆறிப்போன தேநீர் கிடைத்தது. அதையும் குடித்தாள். வாழ்க்கை முழுக்கக் கேட்டது கிடைத்துவிட்டதே, சந்தோஷமாக இருக்கவேண்டாமா?

அடுத்த பெருநாளுக்குப் பின் ஒரு ஆள் அந்த வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். உச்சோக் என்று பெயர், மேடான்காரன். அம்ரினின் பேருந்தில் கடைசிப் பத்து வருஷம் நடத்துநராக இருந்தவன். இந்த ஊருக்கு வந்ததே இல்லை. கூடத்தில் டத்துக்கும் இன்னும் நாலு ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணன் போன சேதி எனக்கு ரொம்ப லேட்டாத்தாங்க தெரிஞ்சுது. அண்ணி எங்க? பாத்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான்.

ரோஸ்மானி ஏதோ சொல்ல வாயெடுத்து, டத்துக்கைப் பார்த்து, நிறுத்திக்கொண்டாள். மஸ்னியாரி அடுப்படியிலிருந்து தேநீர் கொண்டுவந்தாள். தட்டில் வைத்து, மூடி போட்டு, அவன் முன்னால் வைத்தாள்.

"அவங்க இங்க இல்லீங்க. அவங்க ஊருக்குப் போயிட்டாங்க" என்றாள்.

"அடடா." அவன் முகம் தொங்கிப்போனது. "கோத்தானோப்பான்ல பஸ் நிக்கறப்ப அண்ணன் மட்டும் எறங்கவே மாட்டாருங்க. ஏண்ணேன்னா, 'எங்க ஆளுங்க வந்து கேக்காம நான் இந்த வாசல்ல கால் வைக்கக்கூடாதுடா' அப்பிடின்னுவாரு. எறங்காமயே அந்தக் கடையவே பாத்துட்டிருப்பாரு. எப்பப் பாரு அண்ணி பேச்சுதான். அவங்களுக்கு அடுப்படி கட்டணும், அடுப்படி கட்டணும்னு." மூடியை எடுத்துவிட்டு ஒரு வாய் குடித்தான். "நீங்க அண்ணனுக்கு...?"

"தங்கச்சி" என்றாள் மஸ்னியாரி.

அவன் தலையாட்டிவிட்டு, பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தான். "பன்யாபுங்கான்ல வாங்கினேன், புகைபோட்ட மீனு. அண்ணிக்குன்னா இதுதான்னு அண்ணன் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். அவங்கள எப்பவாச்சும் பாத்தீங்கன்னா குடுத்திருங்க தங்கச்சி."

"குடுத்துடறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். ரோஸ்மானி பின்னாலேயே எழுந்து வந்து, கூடத்துக்குக் கேட்காதபடி அடுப்படிக் கதவைச் சாத்தினாள்.